பாதி பாதியாக மாற்றிய கம்ப்யூட்டர்

கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?" என்று கேட்பது அவர் வேலை. பதில் சொல்ல யாராவது கொஞ்சம் தயங்கினாலே அவருக்குப் பொறுமை போய்விடும். அப்படிப்பட்ட மனிதர், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரைச் சீர்செய்து ஓட்டுவதா, கடாசிவிட்டுப் புதிது வாங்குவதா என்று பதினோரு வாரம் யோசித்தார்.

கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. விளையாடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கிச் சேர்த்தது. ஒரு காலத்தில் சிங்கம். இப்போதோ, சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டும்போதுதான் கண் விழிக்கும். அதன் மூச்சிரைப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

ஐம்பதை நெருங்குகிறவருக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கலாம். மகளுக்காகத்தான். விவாகரத்துக்குப் பிறகு, பதினாறு வயது மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். ஃபோனில் பேசினால், "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அவ்வளவுதான். சிக்னல் சரியில்லை என்று யார் முதலில் சொல்வது என்பதில்தான் போட்டி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விளையாட்டுக்குள் போய்விட்டால் கதையே வேறு. நடுக்கடலில் ஒரு மீட்புக் கப்பல். அதில் இரண்டே இருக்கைகள். அவள் கேப்டன், அவர் எஞ்சின் அறை.

"ஏம்ப்பா, எஞ்சின்ல தீ புடிச்சு எரியுது. நீ அங்க நின்னு என்ன வேடிக்கை பாக்குற?"

"தீயா? சூரியன் மறையுதுன்னுல்ல நெனச்சேன்."

"ஊரு கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றியே, உன் கண்ண யாருப்பா டெஸ்ட் பண்றது?"

தீயை அணைக்கிற சாக்கில், கணக்கில் ஃபெயில் ஆனதைச் சொல்வாள். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை என்பாள். உயிர்த்தோழி ஒரு வாரமாகப் பேசுவதில்லை என்பாள். மற்ற நாட்களில் 'ம்' என்ற ஓரெழுத்தோடு முடிந்துபோகிறவளிடம் இத்தனை வார்த்தைகள் இருந்தன.

அந்த நேரத்தில்தான் விளையாட்டை நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள்: மூன்று மாதத்தில் புதிய பதிப்பு வருகிறது, பழைய கம்ப்யூட்டர்களில் ஓடாது. பழைய விதி ஒன்றையும் நினைவூட்டினார்கள். நான்கு வாரம் காலியாகக் கிடக்கும் இருக்கையை கேப்டன் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம்.

"புதுசா வாங்கிடுப்பா," என்றாள் மகள். "அது பாவம், விட்டுடு."

"அடுத்த மாடல் வரட்டும்மா. பாக்குறேன்."

அது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாத காரணம், அந்தப் பெட்டியை மாட்டியபோது அவள் ஏழு வயதுச் சிறுமியாக மடியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் திருகாணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. அதைத் தூக்கிப் போட்டால் அந்தக் குடும்பம் முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. கையெழுத்து கோர்ட்டில் எப்போதோ போட்டாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாவது வாரம், வேறு வழியில்லாமல், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் போனார். தெருவில் அந்த ஆளுக்கு 'டாக்டர்' என்று பெயர்.

"உண்மையச் சொல்லட்டுமா சார், உங்களுக்குப் புடிச்சதச் சொல்லட்டுமா?"

"உண்மையே சொல்லுங்க."

"புதுசு வாங்குங்க."

"சரி, இன்னொண்ணு என்ன?"

"கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்திப் பாக்கலாம்."

"இதுவும் உண்மைதானே?" என்றார், உயிர் திரும்பி வந்தவராக.

கார்டு வந்தது. அதற்குத் தீனி போடப் பழைய பவர் சப்ளைக்குத் தெம்பில்லை. புதிய பவர் சப்ளை வர இரண்டு வாரம் ஆனது. அது வந்ததும் கப்பல் தெரிந்தது. ஆனால் அலை எழும்ப ஒரு நிமிடம், விழ ஒரு நிமிடம். ப்ராசசர் கிழடு என்றார் டாக்டர். புது ப்ராசசர் பழைய மதர்போர்டில் உட்காராது. புது மதர்போர்டு பழைய மெமரியைச் சேர்க்காது. ஒவ்வொரு தடவையும் 'இது ஒன்றுதான் பாக்கி' என்று இவர் மனதார நம்பினார்.

புதிய பதிப்பு வந்த முதல் ஞாயிறு, மகள் இரண்டு மணி நேரம் தனியாகக் கடலில் காத்திருந்தாள். இரண்டாவது ஞாயிறு, "பரவால்லப்பா," என்றாள். மூன்றாவது ஞாயிறு, "அடுத்த வாரம் கண்டிப்பாம்மா," என்று அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆறாவது வாரம் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப பழசுன்னு மிச்சம் இருக்கிறது இந்தத் தகரப் பெட்டி மட்டும்தான் சார். மொதல்லயே புதுசு வாங்கியிருந்தா..."

"அதச் சொல்லாதீங்க."

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு, சொல்லாமல் போய் நின்று அசத்தலாம் என்று உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் விழித்தது. கப்பல் இருந்தது. எஞ்சின் அறையில் வேறு ஒரு பெயர் இருந்தது. திரையோரத்தில் மகள் எழுதினாள்:

"அப்பா, வர்றதா சொல்லவே இல்லயே. நாலு வாரம் வெச்சிருந்தேன்ப்பா. இவ என் கிளாஸ், இப்பதான் நல்லா பழகியிருக்கா. நடுவுல எறக்கிவிட்டா தப்பா நெனச்சுக்குவா. நீங்க வேணும்னா பார்வையாளரா இருக்கீங்களா?"

"நீ ஆடும்மா. மெஷின் ஓடுதான்னு பாக்கத்தான் வந்தேன்," என்று எழுதினார்.

பார்வையாளருக்குக் கடலின் சத்தம் மட்டுமே கேட்கும். கப்பலில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது கேட்காது. அவர் ஒலியை முழுதாகக் கூட்டினார். அலைகள் அறையை நிறைத்தன. மகள் கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு, எஞ்சின் அறை வாசலில் போய் நின்றாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். மீட்க வேண்டியவர்கள் தூரத்தில் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிதாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது.