அயோடின் அரைஞாண்

நறுக். அவ்வளவுதான் சத்தம். தையல் கடைக்காரப் பெண் தடித்த நாடா ஒன்றை ஒரே வெட்டாக வெட்டினாள். ஜாக்கெட் அளவு கொடுக்க நின்ற எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னாக்கா, கூசுதா?" என்றாள். கூச்சம்தான். ஆனால் என்னுடையது இல்லை, மலைக்காரர் ஒருவருடையது. இடுப்பில் அளவு டேப்போடு நின்றுகொண்டு அதையெல்லாம் சொல்ல முடியுமா? வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன்.

நாலைந்து வருஷம் இருக்கும். கள்ளக்குறிச்சியில் இருபது கட்டில் கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக இருந்தேன். ஒரு காலையில், கரியாலூருக்கு மேலே எங்கிருந்தோ, ஒருவரைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டி, மலையின் அத்தனை வளைவும் பைக்கிலேயே இறக்கிக் கொண்டுவந்தான் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. மரவள்ளி மூட்டையைத் தூக்கும்போது அவருக்குக் குடல் இறங்கி, இறங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. உடனே ஆபரேஷன்.

தியேட்டருக்கு அனுப்பும் முன் இடுப்பைச் சுத்தம் செய்வது என் வேலை. கறுப்பு அரைஞாண் கயிறு, வேர்வையில் ஊறி, முடிச்சு கல்லாக இறுகி, கத்தி வைக்கவேண்டிய இடத்தின் மேலேயே கிடந்தது. அவர் வலியில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்டினேன். கயிறு குப்பைக்குப் போயிற்று, அவர் தியேட்டருக்குப் போனார்.

எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டு ஆண்கள் இடுப்பிலும்தான் அது கிடக்கிறது. தானாக அறுந்தால் அன்றைக்கே வேறு கட்டிவிடுவார்கள். அடுத்தவர் கை அறுத்து எறிவது ஒரே ஒரு நாள்தான், குளிப்பாட்டிப் பாடையில் வைக்கும் நாள். தெரிந்த ஒன்றை அவசரத்தில் மறந்தேன்.

சாயங்காலம் நாலு மணி. வார்டெங்கும் டீ மணம். இரும்பு ஸ்டாண்டு தரையில் கிறீச்சிடுவது கேட்டுத் திரும்பினேன். மயக்கம் முழுசாகத் தெளியாத கண்களோடு அவர் எழுந்து, சுவரில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்டாண்டை இரண்டு கையாலும் உலக்கைபோல் ஓங்கியிருந்தார்.

"எவன் அறுத்தது? நான் செத்துட்டேன்னு எழுதிட்டீங்களா? எவன்டா அறுத்தது?"

அடிவயிற்றுக் கட்டின் மேல் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு. புதுத் தையல். இப்படியே நின்றால், இப்படியே முறுக்கினால், பிரிந்துபோகும். மறுபடி கிழிக்கவேண்டி வரும். மறுபடி ஒருமுறை மயக்கத்தை அந்த உடம்பு தாங்குமோ தாங்காதோ.

"மாமா, ஒரு கவுறுதானே மாமா. படு மாமா," என்றான் மச்சான், கையில் டீயோடு.

"நீ பேசாத! கையெழுத்துப் போட்டவன் நீதானே? ஒங்கக்காளுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"நான் இன்னா பண்ணேன்? டீ வாங்கப் போய்க்கினு இருந்தேன்."

"மாமன் பொணமாக் கெடக்குறான், ஒனக்கு டீயாடா?"

பக்கத்துக் கட்டிலில், கால் கட்டோடு கிடந்த எலவனாசூர்கோட்டைப் பெரியவர் தலையை உயர்த்தினார். "தம்பி சொல்றது நியாயம். கவுறு இல்லாம மல்லாக்கப் படுத்தா, இவன் ரெடியா இருக்கறான்னு எமன் தூக்கிக்கினு போய்டுவான்."

"பெரியவரே, நீங்க சும்மா இருங்க!" என்றேன்.

கோபக்கார நோயாளிகளைப் பற்றி எங்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். இரண்டு கை நீளம் தள்ளி நில். கதவை மறைக்காதே. உள்ளங்கை தெரியட்டும். குரலை இறக்கு. கழுத்தில் தொங்குவதையெல்லாம் கழற்று. எல்லாம் செய்தேன். அடையாள அட்டையைக் கழற்றினேன், கைகளை விரித்தேன், குரலைத் தரைவரை இறக்கினேன். தப்பு நர்ஸுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அந்த வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

"நான்தாங்க அறுத்தேன். கேட்டிருக்கணும். கேக்கல."

ஸ்டாண்டு காற்றில் அப்படியே நின்றது.

"நீங்களா?"

"நான்தான்."

"அப்போ அறுத்த கையாலயே கட்டுங்க. இப்பவே கட்டுங்க. கட்டுனாத்தான் படுப்பேன்."

மச்சான் கடைக்கு ஓடிப்போய்க் கயிறு வாங்கிவர அரைமணி ஆகும். பொட்டு அதற்குள் பூவாகிக்கொண்டிருந்தது. டிரஸ்ஸிங் தட்டிலிருந்து கட்டுத் துணிச் சுருளை எடுத்தேன். பல்லில் ஒரு முனை, கையில் ஒரு முனை, முறுக்கு, முறுக்கு, முறுக்கு. கயிறாயிற்று.

"வெள்ளையா! வெள்ள வாணாம்மா, அபசகுனம்!" வார்டே கத்தியது.

அயோடின் பாட்டிலைக் கவிழ்த்தேன். முக்கித் தூக்கினேன்.

"இது செவப்பா?" என்றார் அவர், ஸ்டாண்டை இறக்காமல்.

"செவப்புதான்."

"பழுப்பாத் தெரியுதே," என்றார் பெரியவர். "காஞ்சா செவக்கும்," என்றார் ஜன்னலோரக் கட்டில்காரர். "காஞ்சா இன்னும் கறுக்கும், அதுவும் நல்லதுதான்," என்றது இன்னொரு கட்டில். கை தூக்கச் சொன்னேன். ஆறு கட்டில் சிவப்பு, இரண்டு கட்டில் பழுப்பு. வீட்டில்கூட என் கட்சி இப்படி ஜெயித்ததில்லை.

இனி அந்த இரண்டு கை நீளத்தைக் கடக்கவேண்டும். என் உச்சந்தலைக்கு நேர் மேலே இரும்பு. முதல் அடி. இரண்டாவது அடி. அயோடின் முழங்கைவரை வழிகிறது. மூன்றாவது அடியில் அவர் வேர்வை மணம், அவர் மூச்சு. குனிந்து, கையை அவர் முதுகுக்குப் பின்னால் விட்டு, குளிர்ந்த ஈரக் கயிற்றைக் காயத்துக்கு மேலே, தொப்புள் மட்டத்தில் சுற்றினேன்.

"ஐயோ," என்றார்.

கையை நிறுத்தினேன். வலியா? அடிக்கப் போகிறாரா?

"ஐயோ, நர்சம்மா... கூசுது! கூசுது!"

அந்த மலை குலுங்கியது. உலக்கை ஆடியது. "சிரிக்க வெக்காதீங்க, தையலு, ஐயோ, தையலு!" சிரிக்கிறார், வலியில் கத்துகிறார், மறுபடி சிரிக்கிறார். நான் ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்தேன், ஒரு கையால் முடிச்சைப் பிடித்தேன். பயம் போன இடத்தில் சிரிப்பு புகுந்துகொண்டு, எனக்கு முடிச்சு கண்ணில் தெரியவே இல்லை. மச்சான் டீயைத் தரையில் கொட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்று. இரண்டு. மூன்றாவது முடிச்சு, பந்தோபஸ்துக்கு.

குடையை மடக்கி நீட்டுவதுபோல் ஸ்டாண்டை என்னிடம் நீட்டினார். கயிற்றை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். படுத்தார். மல்லாக்க.

டாக்டர் ஓடிவந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. ஓரத்தில் கசிவுதான், அழுத்திக் கட்டினால் நின்றுவிடும் என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தொப்புள் மட்டத்துப் பழுப்பு வளையத்தைக் காட்டி, "சிஸ்டர், இது என்ன புது மாதிரி டிரஸ்ஸிங்?" என்றார். எட்டுக் கட்டிலும் ஒரே நேரத்தில் இருமியது. என்ன என்று சொன்னேன், யார் அறுத்தது என்பதையும் சேர்த்து. "இனிமே கேட்டுட்டு," என்றார்.

அதற்குப் பிறகு கேட்காமல் ஒரு கயிற்றிலும் கை வைத்ததில்லை. நிதானமாக அவிழ்த்து, நோயாளியின் மணிக்கட்டிலேயே சுற்றித் தியேட்டருக்கு அனுப்புவேன்.

அவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மச்சான் புதுக் கறுப்புக் கயிறு வாங்கிவந்தான். அதைக் கட்டி முடித்தபிறகுதான் அயோடின் கயிற்றை அவிழ்க்க விட்டார். கையெழுத்துப் போடக் குனிந்த மச்சான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். அவனையும் படுக்கவைத்து அழுத்திப் பார்த்து, உனக்கும் குடலிறக்கம்தான், அடுத்த மாதம் வா என்று சொல்லிவிட்டார். "எனக்கா? எனக்கா?" என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

டியூட்டி முடிந்து நானும் கூடவே நடந்தேன். மலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் வெளிறிப்போயிருந்த மச்சானின் தோளில் கையைப் போட்டபடி, அவர் தலையை வெளியே நீட்டினார்.

"நர்சம்மா, அடுத்த மாசம் இவன் வருவான். இவன்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கேக்காதீங்க. அறுத்துடுங்க."