மூச்சுக்கு முன் ஒரு வாய்

ஓசூர் மருத்துவமனையில் என் மகளுக்கு மூச்சுப்பயிற்சி தந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான மனிதர். நரைத்த மீசை. கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

சூளகிரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த மகள், தூக்கத்துக்காகச் சாப்பாட்டை விட்டுவிட்டு மிகவும் மெலிந்திருந்தாள். நிமோனியா குணமான பிறகும் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றினால் மூச்சு வாங்கியது. பட்டினியால் உடம்பில் தசையை வளர்க்கும் வளர்ச்சிக் காரணிகள் குறைந்து, மூச்சிழுக்கும் தசைகளும் மெலிந்துவிட்டன என்றார் டாக்டர். அவளோ கஞ்சியைத் தள்ளிவிட்டாள். அவள் தேறும்வரை பகலில் சாப்பிடுவதில்லை என்று நான் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூச்சுப்பயிற்சி தருபவர் கட்டிலருகே உட்கார்ந்து பாக்ஸைத் திறந்தார். உள்ளே களி.

"பாப்பா, காலையில இருந்து நான் ஒண்ணுமே சாப்பிடல. தனியா சாப்ட்டா எறங்காது. நீயும் கஞ்சி ரெண்டு வாய் குடி."

"அம்மாவே சாப்பிடறதில்ல சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பட்டினி கெடந்துதான் பொண்ணு இங்க வந்திருக்கு. நீங்க வேற கத்துக் குடுக்கறீங்களா?"

பாதிக் களியை நீட்டினார். வாங்கித் தின்றேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தாள்.

மாஸ்க் இல்லாமல் அவள் நடந்து வீட்டுக்குக் கிளம்பிய நாளில், பக்கத்து வார்டில் அவர் குரல் கேட்டது. "காலையில இருந்து நான் ஒண்ணுமே சாப்பிடல."

மகள் சிரித்தாள், மூச்சு வாங்காமல். இத்தனை கட்டில்களில் சாப்பிட்டும் அவர் ஏன் அவ்வளவு ஒல்லி என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.