துறையில் சொன்ன தெருப்பெயர்

தெருத்தெருவாகப் போய் நோய் விசாரித்து, அன்றன்றே சுகாதார அலுவலகத்தில் சொல்ல ஒரு பெண் ஊழியரை நியமிப்பது என்று சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் பஞ்சாயத்து போர்டு தீர்மானித்திருக்கிறது. தீர்மான நகலைப் போர்டு குமாஸ்தா கொடுத்தார். தலைவரின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நல்ல தீர்மானம். ஆனால் அந்த வேலையை எங்கள் ஊரில் முதலில் செய்தவர் துணி வெளுக்கும் ஒரு பெண். தீர்மானமும் இல்லை, சம்பளமும் இல்லை...

ஐரோப்பாவில் முதல் மகாயுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி. சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை விட்டதும் வாந்திபேதி வந்தது.

ஊர் நிர்வாகம் அப்போது யூனியன் சபையிடம் இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரை வைத்துக்கொண்டு சபை ஒரு திட்டம் போட்டது. குளிக்கும் துறைக்கு மேலே யாரும் துணி வெளுக்கக் கூடாது. கிணறுகளில் மருந்து போட வேண்டும். நோயாளிகளுக்கு ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை.

மருந்தோ இரண்டே டின். எந்தக் கிணற்றுக்கு முதலில் போடுவது? சாவுப் பதிவைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஒருவர் இறந்து, பதிவாகி, அந்தத் தாள் சபைக்கு வந்து சேர்வதற்குள் நோய் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். உயிரோடு படுத்திருப்பவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயம். கல்யாணம் பேசி முடித்த வீடுகளில், சம்பந்தம் நின்றுவிடும் என்று வேறொரு பயம்.

இரண்டு டின்னும் கடைத்தெருக் கிணறுகளுக்கே என்று முடிவான அன்று, சபை வாசலில் துணி வெளுக்கும் அந்த அம்மாள் நின்றிருந்தார். கீழே ஒதுக்கிய புதுத் துறையில் துணி அடிக்கக் கல் இல்லை, போட்டுத் தர வேண்டும் என்று கேட்க வந்தவர். நான் வெளியே வந்ததும் கூப்பிட்டார்.

“கல்லுக்குப் பாக்கலாம்னுட்டாக. அது கெடக்கட்டும்யா. மருந்தக் கடைத்தெருவுலயா போடுதாக?”

“ஆமா, ஏன்?”

“பேதி அங்கன இல்ல. கீழத்தெருவுல கெடக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஊரு துணிய யாரு வெளுக்கா?”

என் தாயார் வயது அவருக்கு. அந்த நாள் வழக்கப்படி நான் ‘நீ’ என்றுதான் பேசினேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

எந்த வீடு என்று கேட்டுப் பென்சிலை எடுத்தேன்.

“மொதல்ல அத உள்ள வையுங்க. தெருவச் சொல்லுவேன், வீட்டச் சொல்ல மாட்டேன். இவதான் சொன்னான்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு வாசல்லயும் எனக்குச் சோறு விழாது. நாலு பிள்ள வச்சிருக்கேன்யா.”

பிறப்பு, இறப்பு, பெண் பெரியவளாவது எல்லாம் வெளுக்கிறவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். சாயங்காலம் வீடுவீடாகச் சோறு வாங்கித்தான் அவர் குடும்பம் சாப்பிட்டது.

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். சொல்ல முடியாது என்றேன். கீழத்தெருக்காரரான ஜவுளிக்கடை அண்ணாச்சி சபையில் ஓர் அங்கத்தினர். அவர்தான் முதலில் பேசினார்.

“ஏன்வே, எங்க தெருவுல எனக்குத் தெரியாத பேதியா? காத்துவாக்குல வந்த சேதிக்கு ஒரு டின் மருந்தா? பத்திரிகைல அளக்குத மாதிரி இங்கனயும் அளக்காதேயும்.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “நம்பலாமா?” என்று என்னைக் கேட்டார். நம்பலாம் என்றேன். ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கடைத்தெருவுல ஏதும் ஆச்சுன்னா பழி என் மேல இருக்கட்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீர் மருந்து கரைந்து ரோஜா நிறமானது. யாரையும் கட்டாயமாகக் கொட்டகைக்குக் கொண்டுபோவதில்லை என்று டாக்டர் தெருமுனையில் நின்று சொன்னார். அதன் பிறகுதான் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ படுத்திருந்தார்கள்...

மறுநாளிலிருந்து நான் காலையில் கீழ்த்துறைப் பக்கம் குளிக்கப் போனேன். கல் வராததால் ஒரு பனந்தடியைப் போட்டு அதில் துணி அடித்துக்கொண்டிருப்பார். நான் கடக்கும்போது, இரண்டு அடிக்கு நடுவில், தலையைத் தூக்காமல் “நடுத்தெரு” என்பார். அடுத்த அடி விழும். நான் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்வேன்; அவர் அந்தத் தெருவுக்குக் கிளம்புவார். சில நாள் அம்மாள் எந்தத் தெருவும் சொல்ல மாட்டார். அந்த நாட்களில் குளியல் நன்றாக இருக்கும்.

எத்தனை உயிர் தப்பியது என்று எழுத மாட்டேன். யாரும் எண்ணவில்லை. என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான செய்தி அதுதான், அதை நான் பத்திரிகையில் போடவே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

சில வருஷம் கழித்து ஜவுளிக்கடை அண்ணாச்சி என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அன்னைக்கு எங்க வீட்லதான்வே மொதல்ல. கல்யாணத்துக்கு இருந்த பிள்ள. மறைச்சுட்டேன். டாக்டர் வரலன்னா இன்னைக்கு எனக்குப் பேரன் ஏது... யாருவே சொன்னது?”

“காத்துவாக்குல வந்தது அண்ணாச்சி.”

கடைப் பையனைக் கூப்பிட்டார். காப்பி வாங்கி வரச் சொன்னார்.

இப்போது வரப்போகிற ஊழியருக்குச் சம்பளம் உண்டு, நோட்டு உண்டு. வீட்டின் பெயரையே எழுதலாம். அதற்காக அவருடைய சோற்றில் யாரும் கைவைக்க முடியாது. அந்த அம்மாளுக்குக் கிடைக்காத தைரியம் அது. அவருக்கும் அந்த டாக்டருக்கும் இந்த ஊர் பட்ட கடனில் ஒரு பங்கு என்னுடையது.

அம்மாள் காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் பெயரை இன்றுவரை நான் எங்கும் எழுதவில்லை. எழுதலாமா என்று நேற்று அவர் மகளிடம் கேட்டேன்.

“இனிமே யாரு சோத்த நிறுத்தப் போறா? ஆனா அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்” என்றார்.

அண்ணன் கொழும்பில் சலவைக்கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறதாம். பதில் அதற்குப் பிறகுதான் தெரியும்.