ஏழுமலை ஊற்றிய தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒன்று, நான். இரண்டாவது, வேன் ஓனர் தனசேகர். மூன்றாவது, அவருடைய டிரைவர் ஏழுமலை. நான்காவது, அந்த வேனில் தினமும் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற வசந்தா. பெயர் பெயராக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று வாய் திறந்து சொன்னதை இன்று தனசேகர் சொல்லவே இல்லை என்கிறார். யார் இருந்தார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இவர்கள்தான் இருந்தார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டை போகிற ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறேன். டீசல் வண்டி மட்டும்தான் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. வரட்டும்.

1. வண்டியும் வழக்கும்

பதினாறு வருஷம் ஓடிய டீசல் வேன் அது. இன்ஜின் முன் சீட்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். காலையில் முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பி ஆவடி, பூந்தமல்லி வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு போய்த் திருமழிசையில் இறக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

அந்த வண்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தினம் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் இரண்டு லிட்டர் பிடிக்கும். வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஹோஸில் கசிவு இல்லை, கிளிப் எல்லாம் சரி. இரண்டு தடவை நடு ரோட்டில் ஹீட் ஆகி நின்றது. லேட்டாகப் போனதற்கு அந்தப் பெண்களுக்கு இரண்டு தடவையும் அரை நாள் சம்பளம் போயிற்று.

தனசேகர் வேறொரு இடத்தில் விட்டு ரேடியேட்டரை மாற்றினார். அப்புறம் வாட்டர் பம்பை மாற்றினார். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. வண்டியில் மாற்ற வேறு எதுவும் தோன்றாததால் டிரைவர் மேல் வந்து நின்றார். ஏழுமலை தண்ணீரே ஊற்றுவதில்லை, ஊற்றியதாகப் பொய் சொல்கிறார், அதனால்தான் ஹீட் ஆகிறது. இதுதான் அவர் கண்டுபிடித்தது. மாற்றிய சாமான்களின் செலவை ஏழுமலையின் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் என்று பிடிக்க ஆரம்பித்தார்.

ஏழுமலை சீட்டுக்குப் பின்னால் இரண்டு லிட்டர் பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பார். ஊற்றியதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று காலி பாட்டில்களைக்கூட அந்த மனுஷன் எறியவில்லை. தனசேகர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது: "காலி பாட்டில காட்டுனா ஊத்துனதா ஆயிடுமா? வயித்துல ஊத்திகினு வந்து காட்றான்."

2. சூட்டில் பார்த்தது

மூன்றாவது மாதம் வண்டி என்னிடம் வந்தது. காலை ட்ரிப்பை முடித்துவிட்டுப் பத்தரை மணிக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. முழுக்க ஆற விடவும் முடியாது, மதியம் வேறு சவாரி இருக்கிறது என்றார்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிற அளவுக்கு ஆறியதும் திறந்து, பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கையால் பம்ப் அடித்தேன். பதினைந்து பவுண்டில் நிறுத்திய முள் பத்து நிமிஷத்தில் பன்னிரண்டுக்கு இறங்கியது. வெளியே எங்கேயும் சொட்டு இல்லை.

பிரஷர் இறங்குகிறது, வெளியே வரவில்லை என்றால் தண்ணீர் இன்ஜின் உள்ளே போகிறது. உள்ளே போகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற தகட்டை. எட்டு மாதம் முன்னால் அந்த ஹெட்டை இறக்கி ஏற்றியவன் நான்தான்.

டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், ஆயில் பால் மாதிரி ஆகவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. மூன்றுமே கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லின. ஆனால் நான் சாதாரண நாளிலேயே வீட்டுக்குப் போன பிறகு, ஆயில் போல்ட்டை டைட் பண்ணினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவன். ஹெட் போல்ட்டை டைட் பண்ணும்போது நடுவில் ஒரு போன் வந்ததே, அப்போது ஒன்றை விட்டிருப்பேனோ, வரிசை மாறியிருக்குமோ என்று இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தனசேகர் போன் பண்ணிக் கேட்டார். கேஸ்கட்டில் சந்தேகம் என்று சொன்னால் என் தலையில் விழும். "ஒன்னும் தெரியல சார், பாக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவருக்கு. வண்டியில் ஒன்றும் இல்லை என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டான் என்று ஏழுமலையிடம் போய்ச் சொல்லி, மூன்றாவது மூவாயிரத்தையும் பிடித்தார். அது என் காதுக்கு வந்தது. வந்தும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தனசேகர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது.

3. ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை சாயந்திரமே வண்டியை என் ஷெட்டில் விடச் சொல்லிவிட்டார் தனசேகர். திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவர். ஞாயிறு காலை சாவியை வாங்கிக்கொள்ள வந்தவர், அதற்கு முன்னால் வண்டியில் ஒன்றும் இல்லை என்பதை ஏழுமலையை வைத்துக்கொண்டு என் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

"சொல்லு மெக்கானிக்கு. வண்டில எதுனா கீதா, இல்ல இவன் ஊத்தலியா?"

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு முன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வசந்தா வந்தார். ஷெட்டுக்குப் பின் தெருவில் வீடு. நாளைக்கு வேன் உண்டா, இல்லை பஸ்ஸுக்கு ஓட வேண்டுமா என்று கேட்க வந்தவர், பேச்சைக் கேட்டு நின்றுவிட்டார்.

"தண்ணி ஊத்தாமயா கால்ல ஆவி அடிக்குது?" என்றார்.

எந்த ஆவி என்று கேட்டேன்.

"நான் முன் சீட்டுல குந்திகினு வர்றேன்ல. பூந்தமல்லி தாண்டுச்சின்னா இந்தக் காலாண்ட இட்லிப் பானைய தொறந்தாப்ல ஆவி வரும். ரெண்டு மாசமா வருது."

ஏன் சொல்லவில்லை என்று தனசேகர் அதட்டினார்.

"யாரு கேட்டீங்க?" என்றார் வசந்தா.

அவர் காட்டியது இன்ஜினை ஒட்டியிருக்கிற வலது கால். அந்த இன்ஜினில் சைலன்சர் மேனிஃபோல்ட் இருப்பது அந்தப் பக்கம். இன்ஜினில் எரிந்த புகை முதலில் வெளியே வருகிற இரும்புக் குழாய் அது. வண்டி ஓடும்போது அதன் மேல் தண்ணீர் பட்டால் சொட்டாது, ஆவியாகிவிடும். நான் சூட்டில் பார்த்தேன். மற்ற இடத்திலும் சூட்டில்தான் பார்த்திருப்பார்கள். சொட்டு எப்படித் தெரியும்?

இப்போது வண்டி முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து நிற்கிறது. இரும்பு ஜில்லென்று இருந்தது. சீட்டைத் தூக்கி, டெஸ்டரை மாட்டிப் பதினைந்து பவுண்டுக்கு அடித்துவிட்டு, மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு வட்டக் கண்ணாடியை விட்டு டார்ச் அடித்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்ஜின் பிளாக்கில் ஒரு இடத்தில் சொட்டு ஒன்று கட்டி, பெருத்து, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

முதலில் ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்து வசந்தா பார்த்தார். கடைசியாகத்தான் தனசேகருக்குக் கொடுத்தேன்.

மேனிஃபோல்டைக் கழற்றினேன். பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழியை அடைத்து வட்டமாகத் தகர மூடிகள் இருக்கும். டம்மி என்போம். கசிந்த டம்மியை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளேயிருந்து செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர் கொட்டியது.

டம்மி ஏன் துருப்பிடித்தது? ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சை நிறக் கூலன்ட் இருந்தால் துரு ஏறாது. எட்டு மாதம் முன்னால் ஹெட் வேலைக்கு நான் எழுதிய பில்லில் கூலன்ட் இருந்தது. தனசேகர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அதை அடித்தார். பச்சைத் தண்ணிக்கா காசு, என் வீட்டு போர்வெல்லில் சும்மா வருகிறது என்றார். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி போர் தண்ணீரில்தான் ஓடியிருக்கிறது. பக்கெட்டிலேயே உப்புப் பூக்கிற தண்ணீர் அது. நானும் எதிர்த்துப் பேசாமல் அதையே ஊற்றி அனுப்பினேன். அந்தப் பச்சை இருந்திருந்தால் கசிந்த இடத்தில் கறையாவது விட்டிருக்கும், அப்போதே கண்டுபிடித்திருப்பேன். மிச்சம் பிடித்தது ஓனர். பொய்யன் என்று பேர் வாங்கியது டிரைவர்.

இதை நான் சத்தமாகவே சொன்னேன். ஏழுமலை பொய் சொல்லவில்லை என்று அவர் முன்னால் சொல்லுங்கள் சார் என்றேன். அது மட்டும் தனசேகர் வாயில் வரவில்லை.

"சரி, சரி. புடிச்ச பணத்த குடுத்துர்றேன், வுடு. நாளைக்கு வண்டிய எடுக்கட்டும்" என்றார்.

இதைத்தான் நாங்கள் மூன்று பேரும் எங்கள் காதால் கேட்டோம்.

4. பிறகு

அந்தப் பக்கத்து டம்மிகள் எல்லாவற்றையும் மாற்றினேன். மூடி ஒன்று எண்பது ரூபாய்தான். தண்ணீரை முழுக்க இறக்கிக் கழுவி, கூலன்ட் ஊற்றினேன். இந்தத் தடவை பில்லில் அவர் கை வைக்கவில்லை. இன்று வரை அந்த வண்டியில் ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை.

தனசேகரும் வசந்தாவும் போன பிறகு ஏழுமலையிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். என் ஹெட் வேலையில் தப்பு இருக்குமோ என்று பயந்துதான் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"பணம் போனா போவுது, அண்ணாத்தே. எங்க ஊட்ல எம்பொண்ணே கேட்டுச்சு, நெசமாவே ஊத்துனியாப்பான்னு" என்றார்.

அந்த மூன்றாவது மூவாயிரம் என்னால் போனது, அதை நான் தருகிறேன் என்று எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ குடுத்தா அவுரு குடுத்தாப்ல ஆயிடும். அவுரு கையில இருந்து வரட்டும்."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தண்ணீர் குறைகிற வண்டியை ஆறின பிறகும் ஒரு தடவை பிரஷர் போட்டுப் பாருங்கள். ஓனரிடம் கேட்பதற்கு முன்னால் ஓட்டுகிறவரையும், உட்கார்ந்து வருகிறவரையும் கேளுங்கள். உங்கள் வேலையில் தப்பு இருக்கும் என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் வாயை மூடினால் நடுவில் ஒருத்தர் சம்பளம் போகும்.

தனசேகர் அந்த மாதக் கடைசியில் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தார். ரேடியேட்டர் எப்படியும் மாற்ற வேண்டிய பழசுதான், மீதியைத் தருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன் என்கிறார். ஏழுமலை இன்னும் அதே வேனை ஓட்டுகிறார். பிடித்தது ஒன்பதாயிரம். பாக்கி ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.