மூன்றாவது லைன் கயிறு

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே சீருடை, ஒரே தொப்பி. யாரும் வழி தவறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு லைனின் தூண்களுக்கும் இரண்டிரண்டு நிறம் அடித்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கனிஷ்காவுக்குக் கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியவில்லை. படப்பையில் நூல் வாங்கி, மூன்றாவது லைனின் நிறங்களில் மீன்முள் போலப் பின்னி, தன் மணிக்கட்டிலும் லைன் தோழிகளின் மணிக்கட்டிலும் கட்டினாள். வேலையில் கையுறைக்குள் மறைந்துவிடும். கேன்டீனில் மட்டும் தெரியும்.

“யேய், இப்பதான் நாம ஒரு செட்டு மாதிரி கீறோம்!” என்றாள் சேரப்பணஞ்சேரி ரஞ்சனி. கைகளைக் கோத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

கனிஷ்காவின் ஊரில் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது லைனின் நிறங்கள் அங்கே வேறொரு சாதிக்குரியவை என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஒரகடத்தில் நிறம் வெறும் நிறம் என்று நினைத்துவிட்டாள். அவை எந்த நிறங்கள் என்று எழுதாமல் விடுவது நல்லது. வாசகர்களும் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள்தாமே.

ஸ்டேட்டஸைப் பார்த்த அப்பா பிச்சையா மறுநாளே பஸ் ஏறி வந்தார். விடுதி வாசலில் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

“ஏட்டி, எந்தப் பய கெட்டிவிட்டான்?”

“பயலும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. நாந்தான் பின்னுனேன். லைன் கலரு.”

“லைனுக்கும் சாதி வச்சிருக்கானுவளா?”

ரஞ்சனி தன் கையை நீட்டினாள். “இன்னா அங்கிள், வெறும் நூலு. நாங்கூடத்தான் கட்டிகினு கீறேன்.”

“நீ கெட்டலாம் தாயி. ஒன்னைய எவன் கேக்கப் போறான்?” மகளிடம் திரும்பினார். “ஒண்ணு லைன மாத்து. இல்ல, பெட்டியக் கெட்டு.”

பெட்டியைக் கட்டினால் ஊரில் அடுத்த மாதமே கல்யாணம். கனிஷ்கா கயிற்றை அவிழ்த்தாள். பசை வாடையில் தலை வலிக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவரும் நல்ல மனிதர். ஐந்தாவது லைனுக்கு மாற்றிவிட்டார்.

அங்கே தூணை நிமிர்ந்து பார்த்தாள். சொந்தச் சாதியின் நிறங்கள். பெயின்ட் அடித்தவனுக்கு அது மிச்சமிருந்த டப்பா.

அந்த லைன் பெண்கள் கேட்டார்கள்: “எங்களுக்கும் பின்னித் தர மாட்டியாக்கா?” பின்னத் தெரியாது என்றாள். ரஞ்சனிதான் பழைய கயிற்றோடு தூரத்திலிருந்து கையாட்டுவாள்.

புது லைனின் நிறம் தெரிந்து ஊரிலிருந்து அழைத்த பிச்சையாவின் குரலில் அப்படியொரு குளிர்ச்சி.

“இப்பக் கெட்டிக்கிடலாம்லா, தாயி? நல்லாப் பின்னி, போட்டோ எடுத்துப் போடு.”

கனிஷ்கா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

“நூல் கடையப் பூட்டிட்டாவப்பா.”