விளக்கெண்ணெய் குடித்த புல்லட்

சக்கரபாணி புல்லட்டுக்கு விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டான் என்று கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த ரிஜிஸ்டரை அவன் தலையில் போட்டிருப்பேன். அறுபத்திரண்டாம் வருஷம், அக்னி நட்சத்திரம் பிறந்த வாரம். நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணைத் தோண்டி நிலக்கரியை எட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுரங்க ஸ்டோரில் எண்ணெயும் கிரீஸும் அளந்து கொடுக்கும் குமாஸ்தா நான்.

சக்கரபாணி பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரன். தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம். மூன்று வருஷம் கான்ட்ராக்டில் மண் வெட்டினான். சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பொங்காமலிருக்க, சுற்றிலும் பம்புகள் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கும். பம்பு பம்பாகப் போய் மீட்டர் பார்த்து எழுதிவர ஒரு புல்லட்டைக் கொடுத்து, அவனைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். கோடை முழுக்க வண்டி ஒழுங்காக ஓடினால் பெர்மனென்ட். இஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டால் மறுபடி மண்வெட்டிதான் என்று இஞ்சினியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த ஓட்டம் இருக்கிறதே, பகைவனுக்கும் வேண்டாம். மணலில் ஊர்ந்து போகவேண்டும், பம்புக்குப் பம்பு நிற்கவேண்டும். காற்றுப் படாத இஞ்சின் கொதித்துப்போகும். மத்தியானத்தில் டொக் டொக்கென்று சத்தம், பின்னால் புகை. அவன் என்ன செய்தான்? சனிக்கிழமை தனக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவன், மீதி விளக்கெண்ணெயை வண்டியின் எண்ணெய்த் தொட்டியிலும் ஊற்றிவிட்டான்!

"சூடு தணியும்னு ஊத்தினேன் சார். மனுசனுக்கு ஒத்துக்கிது, வண்டிக்கு ஒத்துக்காதுன்னு யாரு கண்டா?"

திங்கட்கிழமை கிக்கரை மிதித்தால் அசையவில்லை. இரண்டு எண்ணெயும் சேராமல் உள்ளே பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. திட்டிக்கொண்டே நானும் கூட உட்கார்ந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். நல்ல வேளை, இஞ்சினுக்குச் சேதமில்லை. ஆனால் சேதி இஞ்சினியர் காதுக்குப் போய்விட்டது. "வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அன்றைக்கு முடிவு" என்றார்.

எண்ணெய் டின்னில் முப்பது, நாற்பது, ஐம்பது என்று நம்பர் இருக்கும். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. வண்டி எதுவானாலும் முப்பதுதான் என்று ஸ்டோர் அட்டையில் எழுதியிருந்தது. எந்தக் குளிர்ப் பிரதேசத்து மகராசன் எழுதினானோ! நானும் இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு அதையே கொடுத்திருக்கிறேன். டின்னைச் சாய்த்துப் பார்த்தால் மூன்றும் கெட்டியாகத்தான் தெரிந்தது. மூன்றிலும் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி செங்கமலம் கடலை உருண்டை பிடித்து சுரங்க கேட்டில் விற்பவள். அடுப்பில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பாட்டில்களை ஆட்டி ஆட்டிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னாய்யா ஆட்டிக்கினு கெடக்குறீங்க? ஆறினா எந்தப் பாகும் கெட்டிதான். கொதிக்கிறப்பல்ல பதம் பாக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷ சர்வீஸ், இது தோன்றவில்லையே!

பாகை இறக்கிவிட்டு அவளே மூன்று கரண்டியில் எண்ணெயைச் சுடவைத்தாள். சாய்த்த தாம்பாளத்தில் ஒவ்வொன்றாக ஊற்றினாள். முப்பது கஞ்சித் தண்ணீராக ஓடியது; கொதிக்கிற இஞ்சினுக்குள் இது எங்கே ஒட்டி நிற்கும்! நாற்பது நிதானமாக இறங்கியது. ஐம்பது இன்னும் மெதுவாக இறங்கியது.

"அப்ப ஐம்பதுதான்!" என்றான் சக்கரபாணி.

"அவசரக் குடுக்க! விடியக்காலம் ஆறு மணி ஷிப்டுக்கு வண்டிய ஒதைச்சுக் கெளப்பப் போறது நீதான? சில்லுன்னு இருக்கச்ச முக்கிக்கினு நிப்பே. நடுவால இருக்கறத ஊத்து."

அட்டைக்கு விரோதமாக நாற்பது கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது பயமாகத்தான் இருந்தது. என் வேலைக்கும் வேட்டு வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் இருவரும் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரம் ஸ்டோர் வாசலிலேயே நின்றேன். வண்டி வரும் சத்தம் முதலில் கேட்டது. டொக் டொக் இல்லை! புகையும் இல்லை. இஞ்சினியர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். சக்கரபாணி முகத்தைப் பார்க்காமலே, "ஒன்றாம் தேதியிலிருந்து பெர்மனென்ட்" என்றார். அவன் ஹேண்டிலை விடாமல் அழுதான். நாற்பது ஊற்றிய கதையை நான் அப்போதுதான் இஞ்சினியரிடம் ஒப்புக்கொண்டேன்.

கோடைக்கு நாற்பது என்று அட்டையை மாற்றச் சொன்ன இஞ்சினியர், சோதித்தது யார் என்று அதிலேயே குறிக்கச் சொன்னார். நான் உள்ளதை உள்ளபடி எழுதி, நகலை வடக்குத்துக்குக் கொண்டுபோனேன்.

செங்கமலத்துக்குப் படிக்கத் தெரியாது. "சோதனை செய்தவர்: திருமதி செங்கமலம் சக்கரபாணி" என்று வாசித்தேன்.

வெல்லக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"எங்க ஆளுங்க பேருக்குப் பக்கத்துல எப்பவும் கூலின்னுதான போடுவாங்க. எம் பேருக்குப் போடலையா சார்?"

"போடலம்மா."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.