சுவரில் விட்டுவைத்த இடம்

அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து அரிசி ஏற்றிவந்த வண்டிக்காரன்தான் சொன்னான். "ஸ்பிரிங்வெளி வாத்தியாரு போயிட்டாருங்க. காய்ச்சல். பொதச்சு நாலு நாளாச்சு." சவரிமுத்து வாத்தியாரோடு அந்த நாலு நாளும் நான் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இல்லாத மனிதரோடு வாதாடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனைவி மக்கள் இல்லை. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துக் கடைசியில் ஓர் அறை. இந்த மலைகளில் என்னோடு உட்கார்ந்து பேச எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்புத்தளையில் நானாவின் டீக்கடையில் சந்திப்போம். தேத்தண்ணி ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

அவருடைய வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வரும் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் முன்னால், "ஒங்க வீட்டுல கடல் தாண்டி, காட்டு வழியா இந்த மலைக்கு மொதல்ல நடந்து வந்தது யாரு? கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவார். பிள்ளை கொண்டுவரும் பெயரைப் பள்ளிச் சுவரில் கரியால் எழுதுவார். சுண்ணாம்பு அடித்தால் மறுபடி முதலிலிருந்து எழுத வைப்பார். நான் பாண்டியரையும் சோழரையும் மனப்பாடம் செய்ய வைப்பவன். ராஜா இல்லாத சரித்திரம் என்ன சரித்திரம் என்று கேலி செய்தேன். "ராஜா கதை சொன்னா தூங்கிப் போகுதுங்க வாத்தியாரே. அவங்க ஆத்தா நடந்த கதையச் சொன்னா நிமிந்து உக்காருதுங்க" என்றார்.

ஒருமுறை பிள்ளைகளைப் பதுளை விகாரைக்கு நடத்திக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கால் கழுவச் சொல்லி, வாசலில் நிறுத்தி, "நம்ம ஆளுங்க காடு வெட்டுறதுக்கு முந்தி நம்ம மலையில கீழ் ஊர்ச் சிங்களக்காரங்க மாடு மேஞ்சுச்சு. அதையும் தெரிஞ்சுக்கங்க" என்றார். தோட்டத்துக்குத் திரும்பியதும் கங்காணி கோபித்துக்கொண்டார். "நாம ஊருக்குத் திரும்பிப் போற ஆளுங்க. இதெல்லாம் எதுக்கு?" சவரிமுத்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, "திரும்பிப் போனவங்க பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். கங்காணி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் நான் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் எழுந்து, தன் பெரிய தாத்தா வரும் வழியில் காட்டிலே செத்துப்போனதையும், அவர் மேல் கல் அடுக்கிவிட்டு வந்ததையும் சொன்னான். என்னையறியாமல், "கல் இல்லடா, தழதான் போடுவாங்க. கல் தேட யாரு நிக்க விட்டா?" என்று சொல்லிவிட்டேன். சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். சாயங்காலம் வழியனுப்ப வந்தபோது மெதுவாகக் கேட்டார். "ஒங்க வீட்டுல யாரு வாத்தியாரே?"

தூத்துக்குடியில் கப்பலேறி, படித்த வேலைக்கு வந்தவன் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் எனக்கு நாற்காலி போடச் சொல்வார். கூலிக்காரியின் பிள்ளை, காட்டு வழியில் நடந்து வந்தவன் என்று தெரிந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். "கப்பல்ல வந்தவனக் கேக்குற கேள்வியா இது?" என்று எரிந்து விழுந்தேன். அதோடு அப்புத்தளைக்குப் போவதை நிறுத்தினேன். அவர் இரண்டு கடிதம் எழுதினார். நான் பதில் போடவில்லை.

போன வாரம் ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து லயத்துப் பெண் பாக்கியம் திறந்துவிட்டாள். அவரிடம் படித்தவள். சுவர் நிறையப் பெயர்கள். நடுவில் ஒரு சாண் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அது ஏன் என்று கேட்டேன்.

"அது ஒங்க எடமுங்க. ஹல்துமுல்ல வாத்தியாரு வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரும் எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று கரித்துண்டை நீட்டினாள்.

எழுதினேன். "பேச்சி. என் தாய். தம்புள்ளைக் காடு வரை நடந்தாள்." அவள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "கல்லு வச்சாங்களாங்க?" என்றாள்.

"இல்லம்மா. தழதான்."

சவரிமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, முதலில் நடந்து வந்தது யார் என்ற அந்த ஒரு கேள்வி. அதை இப்போது என் பிள்ளைகளிடம் கேட்கிறேன். என் பள்ளிச் சுவரிலும் முதல் பெயர் பேச்சிதான். கிளாக்கர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நேற்று ஆபீஸில் நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் இதை சவரிமுத்துவிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.